நசுக்கிய பூண்டு

பெருந்தொற்று எங்கள் வீட்டுக்கும் வந்து போனது. காய்ச்சல் விட்ட பிறகும் என் கணவருக்கு வாசனை மட்டும் திரும்பவில்லை. காபி மணக்காததை அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் கொடைக்கானலில் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர் அவர். மலைச்சாலையில் இறங்கும்போது பிரேக் சூடேறினால் முதலில் சொல்வது மூக்குதான்.

"கருகல் வாட தெரியாம எப்படி ஆளுகள ஏத்திக்கிட்டு எறங்குறது?" என்று வேனை வாசலில் நிறுத்திவிட்டார்.

காரமான வாசனை எதையாவது தினமும் முகர்ந்து மூக்கைப் பழக்கச் சொன்னார் டாக்டர். என் கணவர் பக்கத்து மலைக் கிராமமான கூக்காலில் பூண்டு பயிரிடுகிற குடும்பத்தில் பிறந்தவர். வேறு எதைத் தேடுவது? காலையில் ஒரு பல்லை இடிகல்லில் நசுக்கி நீட்டுவேன். முகர்ந்து பார்த்து, இல்லை என்று தலையாட்டுவார்.

ஒருநாள் நசுக்காத பல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இது மணக்குதா?"

"அவ்வளவா இல்லங்க."

"நசுக்குனா?"

"வீடே மணக்குது."

"அப்ப அந்த வாசம் அதுவரைக்கும் எங்க கெடந்துச்சு?"

நான் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. இருந்தும் சாயங்காலம் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. தாவர செல்லின் நடுவே பெரிய நீர்ப்பை ஒன்று இருக்கும். வாக்குவோல் என்போம். பாடப்புத்தகத்தில் நுண்குமிழ். "சேமிப்பறை" என்று பல வருடமாக வகுப்பில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறேன். பூண்டில் அந்தப் பைக்குள் ஒரு நொதி அடைபட்டிருக்கிறதாம். வாசமில்லாத கந்தகப் பொருள் ஒன்று பைக்கு வெளியே கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய ஒரு சவ்வுதான். நசுக்கினால் சவ்வு கிழிகிறது, இரண்டும் கலக்கின்றன.

"வாசம் எங்கயும் ஒளிஞ்சு கெடக்கலங்க. நசுக்குறப்பத்தான் பொறக்குது" என்றேன்.

"நீ பாத்தியா?"

பார்த்ததில்லை. சனிக்கிழமை அனுமதி வாங்கிக்கொண்டு அவரைப் பள்ளி ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். பல்லாரி வெங்காயத்தின் ஊதாத் தோலை உரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அந்த ஊதா முழுக்க வாக்குவோலின் நீரில் இருப்பது. ஓரத்தில் ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் விட்டதும் அவர் தலையே நிமிரவில்லை.

"செவரு அப்படியே நிக்கிது. உள்ள இருக்குற பை மட்டும் சுருங்குது."

நல்ல தண்ணீர் விட்டோம். மெதுவாக உப்பி மறுபடி சுவரைத் தொட்டது.

"வாடுன கீரையில தண்ணி தெளிச்சா நிமிருதே, அதுவும் இதுதானா?"

"அதேதாங்க."

பூண்டுத் தோலில் நிறமில்லாததால் கட்டம் கட்டமாகச் சுவர் தெரிந்ததே தவிர வேறொன்றும் பிடிபடவில்லை. அவருக்கு ஏமாற்றம். நொதி சூட்டில் செத்துவிடும் என்று வீடு திரும்பும் வழியில் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தேன். மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து, முழுப் பல்லுகளை வேகவைத்து, அதன்பிறகு நசுக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"என் மூக்கு லீவுல இருக்கு. நீ சொல்லு, டீச்சரம்மா."

அந்தக் காட்டம் துளியும் இல்லை. அவித்த கிழங்கு மாதிரி ஒரு மந்தமான மணம், அவ்வளவுதான். அதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. காய்ச்சலுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன்.

சில வாரம் கழித்து, பூண்டு மூட்டைகளை வத்தலக்குண்டில் இறக்கித் தர வேண்டும் என்று கூக்காலிலிருந்து அவர் தம்பி கேட்டார். பயணிகள் இல்லை, மூட்டைகள்தானே என்று இவரும் சம்மதித்தார்.

"நீ கூட வா. எனக்கு மூக்கா."

போனேன். பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவு தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டினார்.

"கருகுது."

எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். சூடு சாதாரணமாகத்தான் இருந்தது. பின்கதவைத் திறந்தோம். ஸ்டெப்னி டயர் சரிந்து ஒரு மூட்டையை அமுக்கிக் கிடந்தது. சாக்கு ஈரமாகியிருந்தது. எனக்குப் பச்சைப் பூண்டின் வாசம் குப்பென்று அடித்தது. அவர் குனிந்து அந்தச் சாக்கை முகர்ந்தார். விலகினார். மறுபடி முகர்ந்தார்.

"இதுதான். ரப்பர் எரியிற மாதிரி இருக்கு."

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. அவருக்கு ஏதோ ஒன்று மணக்கிறது. தப்பாகத்தான், ஆனால் மணக்கிறது. அவர் சாக்கின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. பூண்டுக் காட்டம் என்று சொல்லிக்கொண்டார்.

வாசனை திரும்பும்போது இப்படிக் கோணலாகவும் வரும், போகப்போகச் சரியாகும் என்றார் டாக்டர். அதற்கு மாதங்கள் ஆயின. அதுவரை எங்கள் வீட்டு ரசத்தில் பூண்டு இல்லை. எரியும் ரப்பரையும் பூண்டையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்ல முடிந்த பிறகுதான் பயணிகளை ஏற்றினார்.

இப்போது அவர் கேள்வி வாழைக்காய்க்கு மாறியிருக்கிறது. நறுக்கினால் ஏன் கறுக்கிறது? படித்துப் பார்த்தேன். அங்கே கதை தலைகீழ். கறுக்கிற பொருள் வாக்குவோலுக்குள்ளே, நொதி வெளியே. சொன்னதும், பொரியலுக்கு நறுக்கியதில் ஒரு துண்டைத் தட்டில் தனியாக வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"சாப்பிட வாங்க" என்றேன்.

"இரு, ஓரத்துல ஆரம்பிச்சிருக்கு."