ஆழ்வாப்பிள்ளையின் ஆயிரத்தைந்நூறு கலோரி

வல்வெட்டித்துறையில் படகு எஞ்சின் திருத்தும் ஆழ்வாப்பிள்ளை லேசில் எவரையும் நம்பமாட்டார். தராசுத் தட்டைக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்காமல் மீன்கூட வாங்கமாட்டார். அந்த மனுசனுக்கு முழங்கால் மடங்க மறுத்தது. குந்தியிருக்க முடியாவிட்டால் எஞ்சினை எப்படித் திருத்துவது? ஐந்து கிலோ குறைத்தால்தான் ஒப்பரேசன் என்று டொக்டர் அடித்துச் சொல்லிவிட்டார்.

பருத்தித்துறை கிளினிக்கில் தாதி தக்சாயினி விளக்கினாள்.

"ஐயா, சாப்பாட்டிலை இருக்கிற சக்தியைத்தான் கலோரி எண்டு அளக்கிறது. எஞ்சினுக்கு எண்ணெய் மாதிரி. கடலுக்குப் போன காலத்திலை நிறைய எரிஞ்சிருக்கும். இப்ப கதிரையிலைதானே இருக்கிறியள்? ஆயிரத்தைந்நூறு போதும். மிஞ்சினால் கொழுப்பாய் நிண்டிடும்."

எண்ணெய்க் கணக்கென்றதும் அவருக்கு உடனே பிடிபட்டது. சந்தேகமெல்லாம் மனைவி மகாதேவி மேல்தான். முப்பது வருசம் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்த கை சும்மா கிடக்குமா? தனக்கென்று ருசியாக ஒரு சட்டி வைத்து, அதில் ஓர் அகப்பையை இவர் கறியிலும் கலந்துவிட்டால்?

"இஞ்சேர், இனி ஒரே சட்டி. நான் தின்னுற அளவுதான் நீயும். என்ரை கண்ணுக்கு முன்னாலை."

"ஓம்," என்றாள் மகாதேவி.

கருவாடு காயப்போடும் வாடிக் கொட்டிலில் நாள் முழுக்க வெயிலில் நின்று மீன் வெட்டிவிட்டு வருவாள். அவர் அளந்து வைத்த ஒரு கோப்பைச் சோற்றையும் பால் விடாத பூசணிக்காயையும் அவர் முன்னாலேயே தின்பாள். அவர் அவளுடைய தட்டிலிருந்து கண்ணெடுக்கமாட்டார்.

இரண்டு மாதம் கழித்துக் கிளினிக் தராசில் ஏறினால், ஐயோ, ஒரு கிலோ கூடியிருந்தது!

"உந்தத் தராசு பிழை!" என்று பாய்ந்தார். "மகாதேவி, நீ ஏறு பாப்பம்!"

பிரஷருக்கு அவளும் அங்கேதான் மருந்து எடுக்கிறாள். கொப்பியில் பழைய நிறை இருந்தது. ஆறு கிலோ குறைந்திருந்தாள்.

"அம்மா, உங்கடை வேலைக்கு ரெண்டாயிரத்துக்கு மேலை வேணுமே! ஆர் உங்களுக்கு உந்த அளவு சொன்னது?" என்று தாதி பதறினாள். மகாதேவியின் கண் புருசன் பக்கம் போனது. தாதியும் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, ஒரு நாளைக்கு எத்தினை தேத்தண்ணி?"

"எட்டு. சீனி தொடுறேல்லை, பிள்ளை. பனங்கட்டிதான், ஒவ்வொரு துண்டு கடிக்கிறனான்."

"அதுவும் எண்ணெய்தான் ஐயா. எட்டுத் துண்டெண்டால் ரெண்டு கோப்பைச் சோறு."

யாராவது எடுத்துவிடுவார்கள் என்று எஞ்சின் சாமான் பெட்டிக்குள் பூட்டிவைத்துத் தின்ற பனங்கட்டி! ஆழ்வாப்பிள்ளைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மனைவியின் வளையல் முழங்கைவரை சரிந்து ஓடுவதை அப்போதுதான் கண்டார். பாவி, என்ன வேலை செய்துவிட்டேன் என்று தன்னையே நொந்துகொண்டார்.

பஸ் தரிப்பிடத்தில் அவளுக்கு ஒரு கடதாசிச் சரை தட்டை வடை வாங்கிக் கொடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்து நீட்டினார்.

"இந்தா, பனங்கட்டிப் பெட்டியின்ரை திறப்பு. இனி நீயே வைச்சிரு."

மகாதேவி வடையைக் கடித்தபடி திறப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மற்றத் திறப்பு எங்கை?"

ஆழ்வாப்பிள்ளை வேட்டி மடியில் முடிந்திருந்ததை மெல்ல அவிழ்த்தார்.