கல்லில் ஏறாத இரண்டாவது விமானம்

திருப்போரூர் முருகனைக் கும்பிட்டுவிட்டு நேரே மாமல்லபுரம் சிற்பப் பட்டறைக்கு வந்து நிற்கிறேன். அந்தக் காலத்து யுத்தத்தில் போர் விமானம் ஓட்டி, போன வருஷம் வயதாகித் தவறிப்போன என் அண்ணனுக்கு நினைவுக்கல் தயாராகிறது. ‘இரண்டு எதிரி விமானங்களை வீழ்த்தியவர்’ என்று சிற்பி காவியில் எழுதிவைத்திருக்கிறார். இனி உளி போடவேண்டியதுதான்.

“ஒண்ணுன்னு மாத்துங்க தம்பி.”

“இன்னாம்மா, உங்க அண்ணன் புள்ள ரெண்டுன்னுதானே சொன்னாரு?”

அண்ணனும் கடைசிவரை அப்படித்தான் நம்பினார். இரண்டாவது விமானம் புகை கக்கிக்கொண்டு இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர். ஆனால் இரண்டு நாட்டுப் பதிவுகளையும் ஒத்துப் பார்த்தவர்கள், அந்த இரண்டாவது விமானம் எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது என்கிறார்கள்.

“இங்க எவன் வந்து எண்ணப் போறான்? கல்லு இன்னா சாட்சியா சொல்லப் போவுது?”

“பின்ன எதுக்குக் கல்லு வெக்கிறோமாம்?”

சிற்பி அண்ணன் மகனுக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டுகிறார். “அப்பா பேரைக் கெடுக்காதீங்க அத்தை!” என்று அவன் கத்துகிறான். கத்தட்டும்.

“உசிரோட வீடு போய்ச் சேர்ந்தவனை நான் கல்லுல கொல்ல மாட்டேன்டா. அவனையும் என் முருகன்தான் காப்பாத்தினான்.”

முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, அந்த வரியை நானே துடைக்கிறேன்.