அண்ணியின் இடது கால்

என் அண்ணி குல்யாஷுக்குப் பக்கவாதம் வந்தது எங்கள் கரகண்டா நகரத்து ரொட்டி ஆலையில், மாவு பிசையும் தொட்டிக்குப் பக்கத்தில். இடப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் தப்பியது. அந்தப் பேச்சுதான் என்னைக் கலங்கடித்தது.

ஆஸ்பத்திரிக்கு நான் பவுர்சாக் மாவு உருண்டைகள் பொரித்து எடுத்துப் போனபோது, போர்வையை விலக்கிக் காட்டினாள்.

“சின்னச் சீமாட்டி, இங்க பாரு. யாரோ என் படுக்கையில ஒரு காலைப் போட்டுட்டுப் போயிருக்காங்க.”

புருஷனின் தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள் எங்கள் பெண்கள். அவள் கல்யாணமாகி வந்தபோது எனக்கு வைத்த பெயர் அது.

“உங்க கால்தான் அண்ணி.”

“என் கால் எனக்குத் தெரியாதா? இது அத்தையோடது.”

அத்தை என்றால் என் அம்மா கதீஷா. அவள் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. கடைசி வருஷங்களில் பேச்சில்லாமல் படுக்கையில் கிடந்தவளை அண்ணிதான் குளிப்பாட்டினாள். வெந்நீர் சூடு அதிகமானால் அம்மா இடது கால் கட்டைவிரலைத் தூக்குவாள். அவளால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

“மூளை அடிபட்ட சிலருக்கு இப்படித் தோணும். நடக்க வைப்போம், சரியாயிடும்” என்றாள் பயிற்சி கொடுக்கும் லீனா பாக்.

நடக்க வைத்தது இயந்திரம். அண்ணியைப் பட்டைகள் கட்டித் தூக்கி, ஓடும் பட்டையின் மேல் நிறுத்தினார்கள். இரண்டு கால்களையும் இரும்புக் கைகள் பிடித்துக்கொண்டன. இடது தொடையிலும் முழங்காலுக்குக் கீழேயும் மின்சார வில்லைகள் ஒட்டினார்கள். இயந்திரம் காலை எடுத்து வைக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் தசையைச் சுண்டியிழுக்கும்.

லீனா பொத்தானை அழுத்தினாள். செத்துத் தொங்கிய பாதம் மெதுவாக நிமிர்ந்தது. பிறகு கட்டைவிரல் மட்டும் தனியாக மேலே எழுந்து, அப்படியே நின்றது.

நான் இயந்திரத்தை ஒட்டிப் போய்க் குனிந்து பார்த்தேன்.

“நிறுத்துங்க. சுடுதுங்கறாங்க” என்றாள் அண்ணி.

“உங்களுக்குச் சுடுதா?”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே. அவங்களுக்குத்தான்.”

லீனா சிரித்துக்கொண்டே வில்லையைப் பிரித்தாள். பசை காய்ந்துபோயிருந்தது. அடியில் தோல் தீய்ந்து சிவந்திருந்தது. சிரிப்பு அப்படியே நின்றது. வேறு வில்லை ஒட்டும் முன் அதன் பசையை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பயிற்சிக்கும் போனேன். அண்ணிக்காக என்று எல்லாரிடமும் சொன்னேன். அண்ணி காலோடு பேசிக்கொண்டே நடப்பாள். “வாங்க அத்தை, ஜன்னல் வரைக்கும். இருக்கும்போது என்னை ஓட வெச்சீங்கல்ல, இப்ப நீங்க ஓடுங்க.” பயிற்சி முடிந்ததும் நான் அந்தப் பாதத்தை மடியில் வைத்துத் தைலம் தேய்ப்பேன். அது கனமாக, குளிர்ந்து இருக்கும். சில நாள் என் கைக்குள் லேசாக அசையும். கரண்ட் எப்போதோ நிறுத்தப்பட்டிருக்கும்.

பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில் தேய்த்துக்கொண்டிருந்தபோது அண்ணி காலை வெடுக்கென்று இழுத்தாள்.

“கூசுதுடீ!”

“யாருக்கு?”

“இதென்ன கேள்வி? என் கால், எனக்குத்தான் கூசும்.”

“அத்தை கால்னு சொன்னீங்களே?”

“நானா? செத்தவங்க காலை நான் ஏன் வெச்சுக்கப்போறேன்? உனக்குத்தான் மூளை கலங்கியிருக்கு.” உண்மையாகவே அவளுக்கு எதுவும் நினைவில்லை. லீனா கைதட்டினாள். நானும் தட்டினேன். திரும்பும் பஸ்ஸில், அம்மாவை அடக்கம் செய்த நாளில் அழுததுபோல அழுதேன்.

அண்ணி இப்போது கோலூன்றிச் சந்தைக்குத் தனியாகப் போய்வருகிறாள். வாசலில் என்னைப் பார்த்ததும் சத்தம் போடுவாள்:

“வந்ததும் கீழ என்ன பார்வை? மூஞ்சி இங்க இருக்கு. உள்ள வா, டீ ஆறுது.”