எழுந்து ஓட முடியாத நாயகி

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு மத்திய அமெரிக்காவின் மாயன் நாட்டு ஆவிக்காதல் கதை எழுதுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் பெண் பெயரில், கைப்பேசிச் செயலியில், தொடர்கதையாக. மாயன் புராணத்தில் நெசவுக்கென்றே ஒரு நிலாத் தெய்வம் உண்டு. அவள்தான் என் நாயகி. செத்துப்போன காதலன் காட்டிலிருந்து கூப்பிட்டதும், அவள் தறியை விட்டு எழுந்து ஓடும் அத்தியாயத்துக்கு ஏக வரவேற்பு.

மறுநாள் ஏனாத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் அதே அத்தியாயத்தைத் தோழிக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திடீரென்று படிப்பதை நிறுத்தினாள். “நானும் தறி நெய்யறவதான். அவ தறியோட ஒரு முனைய மரத்துல கட்டிட்டு, மறு முனைய தன் இடுப்புல கட்டிக்கினு நெய்யறாள்னு போன வாரம் எழுதினாங்க. அப்படி இருக்கறவ எப்படிடி எழுந்து ஓடுவா?”

சுருக்கென்றது. “அதை எழுதினது நான்தாம்மா” என்று உளறிவிட்டேன்.

என் மீசையையும் கைப்பேசியில் எழுத்தாளராகப் போட்டிருந்த பெண் பெயரையும் மாறி மாறிப் பார்த்து இருவரும் சிரித்தார்கள். பிறகு அவள் சொன்னாள்: “அவ ஏன் சார் ஓடணும்? அவன் அந்த மரத்துல வந்து குந்திக்கட்டுமே. இவ சாஞ்சு இழுக்கறப்போ, அந்தப் பக்கம் அவனும் இழுப்பான் இல்ல?”

இறங்க வேண்டிய இடம் தாண்டியதுகூடத் தெரியாமல், ஆட்டோவிலேயே அத்தியாயத்தை மாற்றி எழுதினேன்.

இப்போதெல்லாம் கதையில் யாரையாவது ஓடவிடும் முன், அவர்கள் இடுப்பில் என்ன கட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.