மூன்றும் நீலம்

கண்ணாடிக் கடையில் பார்வை அளப்பவனுக்கு நாள் முழுக்க ஒரே கேள்விதான். "இது தெளிவா, அது தெளிவா?" நாற்காலியில் இருப்பவர் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார், சீட்டு எழுதி அனுப்பிவிடலாம். வீட்டுக்கு வந்தால் அதே கேள்வியைத் தன் மடிக்கணினியை வைத்துக்கொண்டு தன்னையே கேட்பான். அங்கே பதில் வந்தபாடில்லை.

அந்த மடிக்கணினியில் இயங்குதளங்கள் மூன்று: விண்டோஸ் ஒன்று, லினக்ஸ் இரண்டு. விண்டோஸ் மனைவிக்கு. ஒரு லினக்ஸ் அவனுக்கு. இன்னொன்று எதற்கு என்று கேட்டால் மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வரும். திரையின் கீழே இருக்கும் பட்டையை மேலே ஏற்றுவான், மறுநாள் இடப்பக்கம் தள்ளுவான். எழுத்தை அரைப் புள்ளி குறைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்ப்பான். கை சும்மா இருக்காது. கல்யாணமான ஏழு வருஷத்தில் கட்டிலையே பதினோரு தடவை இடம் மாற்றிய ஆள்.

மனைவி இதற்கெல்லாம் பழகிவிட்டாள். கணினியைப் போட்டதும் மூன்றில் எது வேண்டும் என்று கேட்டு மெனு வரும், கீழ் அம்பை இரண்டு தட்டு, என்டர். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். மகள் பிறந்தபோது விட்ட ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்ப அவள் நாலு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தாள். தேர்வு வீட்டிலிருந்தே, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு. விண்டோஸில்தான் ஓடும். பத்தே காலுக்குமேல் உள்ளே விடமாட்டார்கள்.

அந்தச் செவ்வாய் காலை, கடைக்குக் கிளம்ப அவனுக்கு இருபது நிமிஷம் மிச்சமிருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. தொடக்க மெனு அவன் கண்ணை உறுத்தியது. வரிசையை மாற்றினான். எழுத்துகளை எடுத்துவிட்டு மூன்று வட்டங்களை வைத்தான். அப்புறம் அந்த மெனுதான் எதற்கு என்று தோன்றி, கணினி நேரே தன் லினக்ஸுக்கே போகும்படி அதை மறைத்தும்விட்டான். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் காட்டி அசத்தலாம் என்று கிளம்பிவிட்டான். தேர்வு இன்றைக்குத்தான் என்பது அவனுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் புத்தி போகவில்லை.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் போன் வந்தது.

"மெனு வரலைங்க. நேரா உங்க திரைக்கே போயிடுது."

காலையில் செய்தது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "ரீஸ்டார்ட் பண்ணு. முதல் படம் மறைஞ்சதும் எஸ்கேப்பைத் தட்டு. ஒரே ஒரு தடவை. ரெண்டு தட்டினா கருப்புத் திரை வந்துடும்."

கருப்புத் திரைதான் வந்தது. திரும்பவும் அணைத்து, திரும்பவும் போட்டு. பழைய கணினி, முக்கி முனகி எழுந்தது. இங்கே நாற்காலியில் சோதனைக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த பெரியவர், "தம்பி, எனக்கு ரெண்டுமே மங்கலாத்தான் தெரியுது" என்றார், யாரும் கேட்காமலே.

"வந்துடுச்சு. மூணு வட்டம் இருக்கு. பேரே இல்ல. எதுங்க?"

"நீலமா இருக்கிறது."

"மூணுமே நீலம்தாங்க."

பார்க்க ஒன்றுபோல இருக்கட்டும் என்று அவன்தான் பூசியிருந்தான். புது வரிசை சுத்தமாக நினைவில் இல்லை. "நடுவுல இருக்கிறதைத் தட்டு" என்றான், குத்துமதிப்பாக. நடுவில் இருந்தது அந்த இரண்டாவது லினக்ஸ். அது நிதானமாகத் திறந்தது. அதை மூடி, மறுபடி எஸ்கேப், மறுபடி வட்டங்கள். விண்டோஸ் திறந்து தேர்வுப் பக்கம் வந்தபோது மணி பத்து பதினேழு.

"மூடிட்டாங்க" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடினான். செருப்பைக் கழற்றும்போதே கை மடிக்கணினிக்குப் போயிற்று.

"இப்பவே பழையபடி ஆக்கிடறேன். ரெண்டு லினக்ஸையும் அழிச்சுடறேன்."

அவள் மூடியைச் சாத்தினாள். "வேணாம்."

"தேர்வு நடத்துற ஆபீசுக்குப் போன் பண்ணிப் பேசவா?"

"நானே பேசிட்டேன். இனி அடுத்த வருஷம்தானாம்."

"அப்போ நான் வேற ஏதாவது..."

"ஒண்ணும் பண்ணாதீங்க. இங்க வந்து உட்காருங்க. எதையும் சரி பண்ணாம, சும்மா உட்காருங்க."

உட்கார்ந்தான். முழங்கால் தானாக ஆடியது. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தான். அவள் மூடிய கணினியின் மேல் தலை சாய்த்து அழ ஆரம்பித்தாள். தண்ணீர் கொண்டுவரலாமா, மின்விசிறியைக் கூட்டலாமா, ஜன்னலைத் திறக்கலாமா என்று அவன் மனம் அறை முழுக்க ஓடியது. எழுந்திருக்கவில்லை.