புரட்டிப் பழக ஓர் ஆள்

திருக்கோகர்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் வார்டு ஆளாக இருக்கிறேன். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. பெண்கள் நாலு பேர் சேர்ந்து நின்றால் சுவரோரமாக ஒதுங்கிப் போகிறவன். அப்படிப்பட்டவனை ஒருநாள் நர்சுகள் நடுவே கட்டிலில் படுக்க வைத்துவிட்டார்கள்.

நர்சுகளுக்கு அவ்வப்போது பயிற்சி நடக்கும். அன்றைக்கு, விபத்தில் முதுகெலும்பு அடிபட்டவரை எப்படிப் புரட்டுவது என்று பழக வேண்டும். ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுக்க, மற்றவர்கள் உடம்பை ஒரே கட்டை போலத் திருப்ப வேண்டும். பயிற்சிப் பொம்மையோ தக்கை மாதிரி லேசு. நிஜ ஆள் வேண்டும் என்றார் மூத்த சிஸ்டர். எல்லார் கண்ணும் என் மேல் விழுந்தது.

இடுப்பில் கை பட்டதும் நெளிந்தேன்.

"அண்ணே, முதுகு ஒடிஞ்ச ஆளு இப்படித்தான் நெளிவாரா?" என்று ஒரு சின்ன சிஸ்டர் கேட்க, சிரிப்பு அடங்க நேரமானது.

முதல் தடவை தோள் முந்திக்கொண்டது, இடுப்பு பின்தங்கியது. நிஜமாக அடிபட்டிருந்தால் இந்த ஆள் காலம் முழுக்கப் படுக்கைதான் என்றார் மூத்த சிஸ்டர். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. பைக்கில் விழுந்தவர்களை அக்குளிலும் காலிலும் பிடித்துத் தூக்கி வருவதை நான் வாசலில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். உள்ளே வந்த பிறகாவது பழகிய கை பட வேண்டாமா?

அந்த நேரம் மேனேஜர் வந்தார். காலேஜில் படித்ததைத்தானே திரும்பச் செய்கிறீர்கள், பயிற்சி முடிந்ததாகக் கையெழுத்தைப் போட்டுவிட்டு வார்டுக்குப் போங்கள் என்றார். என் மேல் இருந்த கைகள் விலகின. தலையைப் பிடித்திருந்த மூத்த சிஸ்டரின் கைகள் மட்டும் விலகவில்லை.

"எந்திரிப்பா. போயி ஆக்சிஜன் சிலிண்டரை இறக்கு" என்றார் மேனேஜர் என்னிடம்.

அவரை நான் எதிர்த்துப் பேசியதே கிடையாது.

"எந்திரிக்க மாட்டேன் சார். இவங்க இன்னும் சரியாப் புரட்டலை."

"ஒனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் சார். நாளைக்கு நானே ரோட்டுல விழுந்தாலும் இங்கிட்டுத்தான் தூக்கிட்டு வருவாங்க. இவங்க பழகி முடிக்கட்டும், எந்திரிக்கிறேன்."

உடம்பை அசைக்கவில்லை. என் தலை மூத்த சிஸ்டரின் கைக்குள் இருந்ததால் மேனேஜர் முகம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் பயந்து எழுந்திருப்பேனோ என்னவோ.

விலகிய கைகள் ஒவ்வொன்றாகத் தோளுக்கும் இடுப்புக்கும் முழங்காலுக்கும் திரும்பி வந்தன. மூத்த சிஸ்டர் குரல் கொடுத்தார். இந்தத் தடவை தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பின.

"இன்னொரு தடவை புரட்டுங்க" என்றேன்.