குறிப்புக் கட்டத்தில் ஒரு சிவப்பு வரி

என் அக்காவுக்குப் பல்கலைக்கழகத்தில் ஆய்வக உதவியாளர் வேலை. இருபத்திரண்டு வருடமாகத் தினமும் காலை எட்டரைக்கு, வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானியைப் பார்த்து ஊரின் வெப்பநிலையை நோட்டில் எழுதுகிறாள். தன் கல்யாணத்தன்றும் அளவெடுத்துவிட்டுத்தான் புறப்பட்டாள். "மாப்பிள்ளை காத்திருப்பாரு, பாதரசம் காத்திருக்காது" என்றாள். அதே வளாகத்து அரங்கில் மைக், ஒலிபெருக்கி பார்ப்பவன் நான்.

எட்டு வருடத்துக்கு முன், விருந்தினர் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று புல்தரையில் இருந்த பெட்டியைத் தூக்கி மொட்டைமாடியில் வைத்தார்கள். சிமெண்டுத் தரை கொதித்தது. மறுநாளே அளவு ஒன்றரை டிகிரி ஏறியது. அக்கா நோட்டின் குறிப்புக் கட்டத்தில் சிவப்பு மையில் எழுதினாள்: "பெட்டி இடம் மாறியது. பழைய அளவுகளோடு சேர்க்கக் கூடாது."

துறைத் தலைவருக்கு எண்கள் மட்டும் போதும். இந்த வருடம் அக்காவிடமே நோட்டைக் கணினியில் ஏற்றச் சொன்னார், குறிப்புக் கட்டத்தை விட்டுவிட்டு. எட்டு வருடத்துக்கு முன் ஊர் ஒரே வருடத்தில் ஒன்றரை டிகிரி கொதித்துப்போனது என்று கட்டுரை எழுதினார். அக்கா மூன்று முறை அவர் அறை வாசலில் நின்று, அந்த ஏற்றம் பெட்டி இடம் மாறியதால் வந்தது என்று சொன்னாள்.

"அளக்கிறது உங்க வேலைம்மா, யோசிக்கிறது எங்க வேலை" என்றார்.

நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒருநாளாவது வெயிலில் அந்த மொட்டைமாடிக்கு ஏணி ஏறியிருப்பாரா அந்த மனிதர்?

வீட்டில் அக்கா தட்டை நங்கென்று வைத்தாள். "ஊர் சூடாகுறது நிஜம்டா. புல்தரை அளவு தனியா, மாடி அளவு தனியா பார்த்தாலும் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது, என் நோட்டுல இருக்கு. நாளைக்கு எவனாவது இந்தப் பொய்யைக் கண்டுபிடிச்சா, என் நிஜத்தையும் சேர்த்துக் குப்பையில போடுவான்."

பொதுச் சொற்பொழிவு நாளில் அரங்கு நிறைய ஊர்க்காரர்கள். திரையில் அந்த ஒன்றரை டிகிரி வந்ததும் கைதட்டல். தலைவர் கேள்வி உண்டா என்று கேட்டார். கடைசி வரிசையில் அக்கா நோட்டோடு எழுந்து நின்றாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார் என்று எனக்கு ஆத்திரம். நானே மைக்கைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன்.

அவள் சிவப்பு வரியைத் தேதியோடு படித்தாள்.

"மைக்ல ஏதோ கோளாறு. அணைங்க" என்றார் தலைவர், என்னைப் பார்த்து.

"மைக் நல்லாத்தான் இருக்கு சார்" என்றேன்.

அக்கா பக்கத்தைத் திருப்பினாள். "இப்ப நிஜமா எவ்வளவு ஏறியிருக்குன்னு சொல்றேன்" என்று முதல் வருடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.